அரைச்சாமி மேல் விழுந்த பழி

எனக்கு யாரையும் எடுத்த எடுப்பில் நம்பத் தெரியாது. பிறவிக் குணம் என்று அக்கா சொல்வாள், தொழில் குணம் என்று நான் சொல்வேன். சட்டை தைக்கும் ஃபேக்டரியில் நான் செக்கர். தைத்து முடித்த சட்டையைப் புரட்டிப் போட்டு எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே பட்டன் துளை பிசிறியிருக்கிறது என்று தேடுவதற்குத்தான் சம்பளம். குறையே இல்லாத சட்டை கைக்கு வந்தால் எனக்குச் சந்தேகம் கூடும். எதையோ நன்றாக மறைத்துத் தைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு அப்படித்தான் தோன்றியது.

அக்காவின் வீட்டுக்காரரைத்தான் அத்தான் என்கிறேன். எங்கள் ஃபேக்டரியில் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக். குடிக்க மாட்டார், குரலை உயர்த்த மாட்டார், சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் சொல்ல மாட்டார். இப்படி ஒரு மனுஷன் இருக்க முடியுமா? அப்பா அம்மா போன பிறகு நான் அக்கா வீட்டிலேயே இருந்ததால், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரைக் கவனிக்க எனக்கு வசதியாக இருந்தது.

ஃபேக்டரியில் அவரை அரைச்சாமி என்பார்கள். அதற்கு ஒரு கதை உண்டு. அவர் மாதா கோயில் சாமியாருக்குப் படித்தவர். ஆறு வருஷம் குருமடத்தில் இருந்திருக்கிறார். ஐந்தாம் வருஷம் அங்கிருந்த பேராசிரியர் ஒருவர், பூட்டி வைத்திருந்த அலமாரியின் சாவியை இவரிடம் கொடுத்து, "இதுல மார்க்சியப் புத்தகமெல்லாம் இருக்கு. எல்லாத்தையும் படிச்சு மறுப்பு எழுது" என்று சொன்னாராம். எதிரியைத் தெரிந்துகொள்ளாமல் எப்படி எதிர்ப்பது என்ற நல்லெண்ணம்தான். இவர் ஒரு வருஷம் படித்தார். முப்பது பக்கம் எழுதினார். முதல் பதினைந்து பக்கம் மறுப்பு. பதினாறாம் பக்கத்திலிருந்து, 'இதில் இவர்கள் சொல்வது சரி' என்று ஆரம்பித்துவிட்டது. கட்டுரையை முடிக்கவில்லை. அங்கியையும் போட்டுக்கொள்ளவில்லை. வெளியே வந்து மெஷின் ரிப்பேர் கற்றுக்கொண்டார்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஃபேக்டரியில் சங்கம் ஆரம்பித்தபோது முதல் ஆளாகச் சேர்ந்தார். படித்தவர் என்று செயலாளர் ஆக்கினார்கள். மதம் எப்படி உழைப்பவனை ஏமாற்றுகிறது என்று ஒரு வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். அதற்கும் எழுதினார். அதிலும் பாதியில், 'ஆனால் இதில் அவர்கள் சொல்வது சரி' என்று வந்துவிட்டது. சங்கத் தலைவர் அந்தக் காகிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவர் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், எந்தப் பேச்சையும் மூன்று நிமிஷத்துக்கு மேல் வளர விடாதவர். "தோழர், நீங்க எந்தப் பக்கம்னு என்னைக்காவது ஒரு நாள் சொல்லிடுங்க" என்றார். எனக்கும் அதே கேள்விதான். இரண்டு இடத்தில் கால் வைக்கிறவன் மூன்றாவது இடத்துக்கு வேலை பார்க்கிறவனாக இருப்பான் என்பது என் கணக்கு.

சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்வார். சாமியார் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்க, இவர் வெளியே முழங்காலிட்டு வாரத்தின் பாவங்களையெல்லாம் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சங்கக் கூட்டத்தில் சுயவிமர்சனம். ஒவ்வொருவரும் எழுந்து தான் செய்த தவறைத் தானே சொல்ல வேண்டும். ஒருமுறை பழக்கதோஷத்தில், சங்கத்தில் எழுந்து நின்று கைகளைக் குவித்து, "நான் பாவசங்கீர்த்தனம் பண்ணி ஒரு நாள் ஆச்சு சாமி" என்று ஆரம்பித்துவிட்டார். கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை.

எனக்கு அன்று அவர் சொன்ன இன்னொன்றுதான் மனதில் நின்றது. வீட்டுக்கு நடந்து வரும்போது சொன்னார்: "கோயில்ல மன்னிப்பு கிடைக்குது, ஆனா திங்கட்கிழமை போனா எல்லாம் பழையபடியே இருக்கு. சங்கத்துல எல்லாத்தையும் மாத்தணும்னு சொல்றாங்க, ஆனா தப்பு பண்ணினவனை மன்னிக்க அங்க யாருமே இல்ல. ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி வச்சிக்கிட்டு சண்டை போடறாங்க."

"அப்ப முழுசு உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டேன்.

"என்கிட்டயும் பாதிதான் இருக்கும்மா. எந்தப் பாதின்னுதான் தெரியல."

பூசி மெழுகுகிற பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தையல் ஹாலில் அக்காவையும் சேர்த்து இருநூறு பேர் வேலை செய்தோம். முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல். சட்டை திருடுபோகிறது என்று சொல்லி, வேலை நேரத்தில் பின்வாசலைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார்கள். ஹால் முழுக்கத் துணி, நூல், எண்ணெய். ஒரு தீப்பொறி விழுந்தால் போதும். சங்கம் கேட்ட முதல் கோரிக்கையே அந்தப் பூட்டை எடுங்கள் என்பதுதான்.

அத்தான் அந்தக் கதவை எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போனார். கோயிலில் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலை மறைக்கல்வி வகுப்பு எடுப்பார். அங்கே, "பூட்டினது யார் பாவம்? சாவி போட்ட வாட்ச்மேனா, போடச் சொன்ன முதலாளியா, பார்த்துக்கிட்டே தைச்சிட்டு இருக்கிற நம்ம அம்மாவா?" என்று கேட்டிருக்கிறார். ஒரு பெண்பிள்ளை வீட்டுக்குப் போய் அம்மாவைப் பார்த்து, "நீங்க பாவியாம்மா?" என்று கேட்க, அந்த அம்மா நேரே சாமியாரிடம் போய்விட்டாள். சங்கத்திலும் அதே கதவுதான். "பாவம் கீவம்னு பேசாதீங்க, இது அமைப்பு" என்றார் தலைவர். "அமைப்புதான் தோழர், ஆனா சாவிய திருப்புறது ஒரு கைதானே" என்றார் அத்தான். இந்தப் பதிலுக்காக அங்கே ஒரு மாதம் அவரிடம் யாரும் சரியாகப் பேசவில்லை. கோயிலில் இவர் சங்கத்து ஆள், சங்கத்தில் இவர் கோயில் ஆள், வீட்டில் என் கண் எப்போதும் அவர் மேல்.

கடைசியில் சங்கம் முடிவெடுத்தது. வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டு, பூட்டை எடுக்கும்வரை அப்படியே உட்காருவது. வெளியே மூச்சு விடக்கூடாது. இருபது பேருக்குத்தான் நாள் தெரியும். அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அத்தானுக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமையும் அத்தான் கோயிலுக்குக் கிளம்பினார். மனதில் இருப்பதையெல்லாம் கொட்டுகிற இடத்துக்குப் போகிறாரே. எங்கள் ஃபேக்டரி ஸ்டோர் மேனேஜர்தான் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவைக்குச் செயலாளர், சாமியாருக்கு வலது கை. நான் பின்னாலேயே போனேன். தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அத்தான் அன்றைக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் முழங்காலில் இருந்தார். எழுந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் போனதும், சாமியார் தன் அலுவலக அறைக்குத் திரும்புவதற்காகக் காத்திருந்து உள்ளே போனேன்.

"சாமி, ஒண்ணு கேக்கணும். எங்க அத்தான் உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரா?"

"அது நீ கேக்கக்கூடாத கேள்வி."

"இல்ல சாமி, வியாழக்கிழமை மெஷினை நிறுத்தப் போறோமே, அதைச் சொன்னாரா? அதை மட்டும் சொல்லுங்க. பத்து மணின்னு சொன்னாரா?"

சாமியார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். கையை நீட்டி என் வாயைப் பொத்துவது மாதிரி காட்டினார். நான் அதைக் கோபம் என்று நினைத்தேன். அந்த அறையை நடுவில் பலகை வைத்துத் தடுத்திருந்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. நான் அதைக் கேட்டேன். கேட்டும் ஒன்றும் நினைக்கவில்லை. ஊரிலுள்ள எல்லோரையும் சந்தேகப்பட்ட எனக்கு ஒரு பலகையைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

புதன்கிழமை காலை மூன்று பெண்களை வேலையைவிட்டு நீக்கினார்கள். அதில் அக்கா ஒருத்தி. பதினொரு வருஷம் அந்த மெஷினில் உட்கார்ந்தவள், கைப்பையை எடுக்கக்கூட உள்ளே விடவில்லை. வாசலில் புதுக் காவல் ஆட்கள் நின்றார்கள். பின்வாசலில் இரண்டாவது சங்கிலி தொங்கியது. வியாழக்கிழமை பத்து மணிக்கு ஒரு மெஷின்கூட நிற்கவில்லை. அத்தானை மட்டும் ஒன்றும் செய்யவில்லை. பட்டன் துளை மெஷினைத் திருத்தத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்பது காரணம். ஆனால் அந்த நேரத்தில் யார் காரணத்தைப் பார்த்தார்கள்? 'செயலாளரை விட்டுட்டு பெண்டாட்டியை நீக்கியிருக்காங்க, ஏன்?' என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டு இருந்தேன். சரியாகச் சொன்னால் புதன்கிழமை சாயங்காலம் வேலை விடும்வரை. கேட்டைத் தாண்டும்போது ஸ்டோர் மேனேஜர் எதிரே வந்தார். எப்போதும் என்னைப் பார்க்காதவர் நின்றார்.

"அன்னைக்கு சாமி ரூம்ல உங்க குரல் நல்லாவே கேட்டுச்சும்மா" என்றார். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அத்தான் சொல்லிவிடுவாரோ என்று பயந்து போன நான்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நாளும் நேரமும் உட்பட.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் விசாரணை. தலைவர் சுற்றி வளைக்கவில்லை.

"சனிக்கிழமை கோயில்ல என்ன சொன்னீங்க தோழர்?"

"வியாழக்கிழமை பத்தி நான் யார்கிட்டயும் சொல்லல."

"அப்ப என்ன சொன்னீங்க?"

"அது என்னோடது."

"சாமியார்தான் வெளிய சொல்லக்கூடாது. நீங்க சொல்லலாமே. அந்த விதி எனக்கும் தெரியும்."

"தெரியும் தோழர். ஆனா சொல்ல மாட்டேன்."

"சரி. வேற யார் மேலயாவது உங்களுக்குச் சந்தேகம் இருக்கா?"

"அந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல மாட்டேன்" என்றார் அத்தான்.

இதைவிட ஒருவன் தன்னைத்தானே மாட்டிவிட முடியாது. மூன்று மாதம் கழித்துப் பொதுக்கூட்டத்தில் முடிவு செய்வதாகச் சொல்லி, அதுவரை அவரைத் தள்ளி வைத்தார்கள். அதே வாரம் கோயிலிலும், பிள்ளைகளைக் குழப்புகிறார் என்று வகுப்பை நிறுத்தினார்கள். இரண்டு இடமும் ஒன்றாகச் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

வீட்டில் அக்கா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டை வைப்பாள், தண்ணீர் வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். அவர் பாயை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்துவிட்டார். "பதினொரு வருஷ வேலைங்கறது எனக்குப் பெரிசில்ல. ஆனா என்கிட்டகூட மனசு விட்டுப் பேசாதவர் அந்தக் கூண்டுகிட்ட சொல்லியிருக்காரே" என்று அக்கா என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அந்தக் கையை இன்று நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

ஒரு மாதம் தாங்கினேன். பிறகு நானும் அதே கூண்டுக்கு முன்னால் போய் முழங்காலிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"உன் அக்காகிட்ட சொல்லு. அதுதான் இதுக்குப் பரிகாரம்" என்றார் சாமியார்.

"வேற ஏதாவது குடுங்க சாமி. ஜெபம் எவ்வளவு வேணும்னாலும் சொல்றேன்."

"ஜெபம் உனக்குச் சுலபம்மா. அதனாலதான் குடுக்கல."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். மனது லேசாகியிருந்தது. ஏன் லேசானது என்று யோசித்தபோதுதான் எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்தது. அன்று அலுவலக அறையில் நான் கேட்டது வெறும் பேச்சு. சாமியார் நினைத்திருந்தால் சங்கத்தாரைக் கூப்பிட்டு, 'உங்க செயலாளர் சொல்லல, இந்தப் பொண்ணுதான் உளறினா' என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தாரோ என்னவோ. நான் முழங்காலிட்டுச் சொன்னதோடு அது பாவசங்கீர்த்தனம் ஆகிவிட்டது. இனி அவர் வாயைத் திறக்க மாட்டார். அத்தானைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியின் வாயைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேனா, பூட்டுப் போடப் போனேனா? இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. போட்டது பூட்டுதான்.

மூன்றாவது மாதம் பொதுக்கூட்டம் வந்தது. ஞாயிறு மத்தியானம், தகரக் கூரை போட்ட ஹால், காற்றே இல்லை. வேலை போன மூவரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் கடைசி பெஞ்சில். தலைவர் தீர்மானத்தை வாசித்தார்: சங்க ரகசியத்தை வெளியிட்டதற்காகச் செயலாளரை நிரந்தரமாக நீக்குவது. "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

முதலில் எழுந்த கை அக்காவுடையது.

அந்தக் கை நேராக நின்றது. அதைப் பார்த்ததும் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்றேன். "அவர் இல்ல. நான்" என்றேன். சாமியார் அறை, பலகை, ஸ்டோர் மேனேஜர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. கடைசியில், "என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "மன்னிக்கறதுக்கு நம்ம சட்டதிட்டத்துல ஒண்ணும் இல்லம்மா" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னவர் மாதிரி இருந்தது.

பிறகு அவர் கடைசி பெஞ்சைப் பார்த்தார். "தோழர், இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் அத்தான்.

"எப்படித் தெரியும்?"

"யாரும் சொல்லல. என்னை ஒரு நாளும் நம்பாத பொண்ணு அவ. எங்க போறீங்க, யாரைப் பார்க்கப் போறீங்கன்னு தினமும் கேப்பா. அந்தப் புதன்கிழமை சாயங்காலம் டீ கொண்டு வந்து வச்சா. ஒண்ணுமே கேக்கல. என்னைச் சந்தேகப்படறத நிறுத்திட்டா. அப்பவே புரிஞ்சுது."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா ஃபேக்டரியில யாரும் அவளைச் சேர்த்துக்க மாட்டாங்க, அக்கா தங்கச்சி உறவும் போகும். என் ஒருத்தன் மேல பழி நின்னா அது அங்கேயே முடிஞ்சிடும்னு நெனச்சேன்."

ஹாலில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு அம்மா சிலுவை போட்டுக்கொண்டதையும் பார்த்தேன். எனக்கே ஒரு நிமிஷம், இவர் அரைச்சாமி இல்லை, முழுச்சாமிதான் என்று தோன்றியது. அப்போது அக்கா எழுந்தாள்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவரைத்தான் பார்த்தாள்.

"மூணு மாசம்" என்றாள். "மூணு மாசமா ஒரு குத்தமும் செய்யாத மனுஷனை நான் வெறுத்திருக்கேன். காலையில எந்திரிச்சதும் வெறுத்தேன், உங்க துணிய துவைக்கும்போது வெறுத்தேன். நீங்க அதைப் பார்த்துக்கிட்டே இருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எனக்கு மட்டும். ஊருக்குச் சொல்லச் சொல்லல. பழிய நீங்க சுமந்தீங்க, சரி. பாவத்த என்னைத்தானே சுமக்க வச்சீங்க."

அத்தான் எழுந்து நின்றார். "நான் அதை யோசிக்கவே இல்ல" என்றார். பிறகு, "என்னை மன்னிச்சிடு" என்று ஆரம்பித்தார்.

"இங்க நின்னு சொல்லாதீங்க" என்றாள் அக்கா. "இங்க சொன்னா அதையும் எல்லாரும் பார்த்து அழுவாங்க. வீட்டுக்கு வாங்க. வந்து எனக்குச் சொல்லுங்க."

கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவர் பெஞ்சுகளுக்கு நடுவில் இடித்துக்கொண்டு பின்னால் போனார். நானும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஓடினேன். அக்கா வாசற்படியில் திரும்பி என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்து பேச ஆரம்பித்திருந்தார்கள், பெஞ்சுகள் இழுபட்டன. அவள் சொன்னதில் "வராத" என்பது மட்டும் என் காதில் விழுந்தது. அதற்கு முன்னால் ஒரு சொல் இருந்தது. 'இப்ப வராத' என்றாளா, 'இனி வராத' என்றாளா?

நான்கு வருஷம் ஆகிறது. அத்தான் இப்போது சொந்தமாக மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். இரண்டு இடத்துக்கும் இன்னும் போகிறாராம். இரண்டு இடத்திலும் இன்னும் அவரை முழுதாக நம்பவில்லையாம். அக்கா கடையில் கூட உட்காருகிறாளாம். எல்லாம் பிறர் சொல்லக் கேட்டது. நான் அடுத்த தெருவில் ஒற்றை அறையில் இருக்கிறேன், நடந்தால் ஐந்து நிமிஷம். அது எந்தச் சொல் என்று போய்க் கேட்டுவிடலாம். இன்னும் கேட்கவில்லை.